இயந்திரம் யாருடையது?

முதல் ஆண்டுக் கணக்கை முடிப்பதற்காக ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு வந்த எங்கள் கணக்காளர், காகிதம் வெட்டும் இயந்திரத்தின் பில்லைக் கையில் எடுத்ததும் நிறுத்திக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பில்லில் இருந்த பெயரை ஒருமுறையும் தேதியை ஒருமுறையும் பார்த்தார்.

"தம்பி, இந்த இயந்திரம் யாருடையது?"

"நம்முடையதுதான், மேடம்."

"'நம்முடையது' என்று ஒருவர் கிடையாது. உங்களுடையதா, நிறுவனத்துடையதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் என் நண்பரும் சேர்ந்து தொடங்கிய சிறிய பைண்டிங் பட்டறை அது. நல்ல நிலையில் பழைய இயந்திரம் ஒன்று விலைக்கு வந்ததால், நிறுவனம் பதிவாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே என் சொந்தப் பணத்தில் அதை வாங்கிவிட்டேன். பில் என் பெயரில் இருந்தது. தீ விபத்துக் காப்பீடும் என் பெயரில்தான் இருந்தது. ஆனால் பதிவு செய்தபோது எழுதிய தாளில், அந்த இயந்திரத்தை நிறுவனத்துக்குக் கொடுத்து அதற்கு ஈடாக நான் பங்குகளைப் பெற்றுக்கொண்டதாக நாங்களே கையெழுத்திட்டிருந்தோம். கொடுத்ததற்கோ பெற்றதற்கோ தனியாக ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. "நாளைக்குப் பட்டறையில் தீப்பிடித்தால் காப்பீட்டுக் காரர்களிடம் போய்ப் பணம் கேட்கப் போவது யார்?" என்று அவர் கேட்ட அடுத்த கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வழக்கைப் பிறகு நானே தேடிப் படித்தேன். வட அயர்லாந்தில் ஒரு பெரிய நிலப்பண்ணைக்கு உரிமையாளராக இருந்த மக்காரா என்பவர், தம் நிலத்தில் வெட்டிப் போட்டிருந்த மரங்கள் அனைத்தையும் தம்முடைய நிறுவனத்துக்கே விற்று, விலைக்குப் பதிலாக அதன் பங்குகளைப் பெற்றுக்கொண்டார். ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் அவர் கையில் இருந்தன. நிறுவனத்துக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தவரும் அவரே. மரங்களுக்குக் காப்பீடு எடுத்தபோது மட்டும் தம் சொந்தப் பெயரிலேயே எடுத்துவிட்டார். மரங்களில் பெரும்பகுதி தீயில் எரிந்து போனது. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. 1925இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவற்றின் பக்கமே தீர்ப்பளித்தது: எரிந்த மரம் நிறுவனத்தின் சொத்து, பங்குதாரரின் சொத்து அன்று, ஆகவே அந்த மரத்தின்மீது காப்பீடு செய்துகொள்ளத்தக்க உரிமை அவருக்கு இல்லை. இதைப் படித்த இரவில் பட்டறையின் மின்கம்பிகளைப் பற்றிய கவலை எனக்குப் புதிதாக வந்து சேர்ந்தது.

தொழிலைப் பதிவு செய்வது என்றால் ஒரு படிவத்தை நிரப்பி, கட்டணம் கட்டி, எண் வாங்கி, அந்த எண்ணைச் சட்டமிட்டு மாட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தப் படிவம் உலகத்தில் இன்னொரு ஆளைப் பிறப்பிக்கிறது. அந்த ஆளுக்குச் சொத்து உண்டு, கடன் உண்டு, வழக்குத் தொடுக்கவும் தொடுக்கப்படவும் உரிமை உண்டு. கையும் வாயும் மட்டும் இல்லாததால் நம்முடையவற்றை இரவல் வாங்கிக்கொள்கிறது. இந்தக் கருத்தை இன்றுள்ள உறுதியுடன் நிலைநாட்டியது லண்டனில் தோல், பூட்ஸ் வியாபாரம் செய்துவந்த ஆரன் சாலமனின் வழக்கு. 1892இல் அவர் தம் தொழிலைத் தாமே தொடங்கிய நிறுவனத்துக்கு விற்றார். மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 அவரிடம் இருந்தன. சட்டம் ஏழு பேர் வேண்டும் என்று கேட்டதால் மீதி ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாகப் போயின. விரைவிலேயே தொழில் நொடித்தது. நிறுவனம் என்பது வெறும் முகமூடி, கடனைச் சாலமன்தான் கட்ட வேண்டும் என்று கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் கூறின. பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. முறையாகப் பதிவாகிவிட்டால் நிறுவனம் வேறு, அதைத் தொடங்கியவர் வேறு என்றது. 1897ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைத் தொகுதியில் இடம்பெற்ற அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்றைக்கும் எத்தனையோ நாடுகளின் சிறு நிறுவனங்கள் நிற்கின்றன. சாலமனும் மக்காராவும் ஒரே விதியின் இரு பக்கங்கள். கடன் வந்தபோது நிறுவனம் வேறு ஆள் என்பது முன்னவரைக் காப்பாற்றியது. இழப்பீடு வர வேண்டியபோது அதே விதி பின்னவரைக் கைவிட்டது. காப்பாற்றும்போது மட்டும் அந்த விதியை வைத்துக்கொள்கிறேன் என்று யாரும் கேட்க முடியாது.

அப்படியானால் தொழில் தொடங்கும் எல்லாரும் நிறுவனமாகத்தான் பதிவு செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. தனியாளாக, கடன் வாங்காமல், பிறருக்குப் பெரிய சேதம் விளைவிக்க வாய்ப்பில்லாத வேலையைச் செய்பவருக்குத் தனிநபர் வணிகமே போதும். கணக்கு எளிது, மூடுவதும் எளிது. லிமிடெட் என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதால் மரியாதை கூடும் என்று நினைத்து நிறுவனம் தொடங்கி, ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்ய மறந்து அபராதம் கட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் கடன் நம்மைத் தொடாது என்பது ஏட்டளவில் உண்மை. ஆனால் புதிய நிறுவனத்துக்குக் கடன் தரும் வங்கியும், இடம் தரும் உரிமையாளரும் பல நேரங்களில் இயக்குநரின் சொந்த உத்தரவாதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒரு கையெழுத்தில், எந்தப் பாதுகாப்புக்காகப் பதிவு செய்தோமோ அது அவர்கள் அளவில் இல்லாமல் போய்விடுகிறது. கையெழுத்திடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நாங்களும் இட்டோம். எவ்வளவு தொகைக்கு, எத்தனை காலத்துக்கு என்று வரம்பு எழுதி வாங்கிக்கொண்டு இட்டோம்.

இருவர் சேர்ந்து செய்யும் தொழிலில், எதையும் பதிவு செய்யாமலேயே சட்டம் நம்மை ஒரு வடிவத்துக்குள் போட்டுவிடுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. லாபம் கருதி இருவர் ஒரு தொழிலைச் சேர்ந்து நடத்தினால் பல நாடுகளில் அது அப்போதே கூட்டு வணிகம். ஒருவர் தொழிலுக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் சட்டமே தன் விதிகளை எழுதிக்கொள்ளும். பிரிட்டனின் 1890ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டமும் இதில் ஒரே மாதிரி பேசுகின்றன: வேறு உடன்பாடு இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்கு லாபத்தில் சம பங்கு, தொழிலில் உழைத்ததற்காகத் தனிச் சம்பளம் எவருக்கும் கிடையாது. ஒருவர் பணத்தைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்வருகிறார், மற்றவர் காலை முதல் இரவு வரை பட்டறையிலேயே கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சரிபாதி என்று சட்டம் சொல்லும்போது, அது இருவரில் ஒருவருக்கு நிச்சயம் அநியாயமாகத் தெரியும். பெரும்பாலும் இருவருக்குமே தெரியும்.

நண்பரும் நானும் நிறுவனமாகப் பதிவு செய்யத் தீர்மானித்த பிறகும், எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுத இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். சிநேகிதத்துக்கு நடுவில் பத்திரம் எதற்கு என்ற கூச்சம்தான் காரணம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பங்கு ஐம்பதுக்கு ஐம்பது என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சரி, ஒரு விஷயத்தில் நமக்குள் ஒத்துவரவில்லை என்றால்?" என்று அவர் கேட்டதும் பேனா நின்றுவிட்டது. சரிபாதி என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அது முட்டுக்கட்டையாகிவிடும். காகிதம் வாங்குவது, வேலைக்கு ஆள் வைப்பது ஆகியவற்றில் என் சொல்லே இறுதி, விலை சொல்வதிலும் வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுப்பதிலும் அவர் சொல்லே இறுதி, கடன் வாங்குவதற்கு மட்டும் இருவரும் சம்மதிக்க வேண்டும் என்று பிரித்து எழுதினோம்.

அதைவிடக் கடினமாக இருந்தது விலகுவதைப் பற்றிய பகுதி. ஒருவர் போக விரும்பினால் அவருடைய பங்கை முதலில் மற்றவரிடம்தான் விற்க வேண்டும் என்பதில் சிக்கல் இல்லை. என்ன விலைக்கு என்பதில்தான் இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. போகிறவருக்குத் தொழில் தங்கமாகத் தெரியும், இருப்பவருக்குத் தகரமாகத் தெரியும். இருவருக்கும் பொதுவான ஒரு கணக்காளர் மதிப்பிடுவது, பணத்தை இரண்டு ஆண்டுகளில் தவணையாகக் கொடுப்பது என்று முடித்தோம். நோட்டை மூடப்போகும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "நான் இறந்துவிட்டால் என் பங்கு என் மனைவிக்குப் போகும். அவளுக்கு பைண்டிங் பற்றி ஒன்றும் தெரியாது. நீ அவளோடு எப்படித் தொழில் நடத்துவாய்?" அந்தக் கேள்விக்கான விடையையும் எழுதிய பிறகே எழுந்தோம். வழக்கறிஞர் பின்னால் அந்த ஆறு பக்கத்தைச் சட்ட மொழிக்கு மாற்றிக் கொடுத்தார்; பதிவுக்காக நாங்கள் தயாரித்த அத்தனை தாள்களிலும், எந்த அலுவலகமும் கேட்காத இந்த ஒன்றைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பெயர் விஷயத்தில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் பிடித்துப்போனது, இணைய முகவரியும் கிடைத்துவிட்டது, ஆகவே பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டோம். பலகை வந்து சுவரில் சாய்ந்திருந்த நாளில் பதிவாளரின் மறுப்பும் வந்தது: ஏற்கெனவே உள்ள ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மிக நெருக்கமாக இருக்கிறதாம். நாங்கள் வேறுபாடு என்று நினைத்திருந்தது 'அண்டு கம்பெனி' என்ற ஒட்டை மட்டுமே. ஒப்பிடும்போது அத்தகைய ஒட்டுகளை உதறிவிட்டுத்தான் பார்ப்பார்கள். அந்தப் பலகையின் பின்பக்கம் இப்போது பசை ஆறவைக்கும் மேசையாக இருக்கிறது. நிறுவனப் பெயர், வணிகச் சின்னம், இணைய முகவரி ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிப் பதிவேடுகளில் இருப்பவை, ஒன்று கிடைத்தால் மற்றவை கிடைத்ததாக ஆகாது என்பதை அதன் பிறகே புரிந்துகொண்டோம். வணிகச் சின்னத்துக்கு வகுப்பும் பார்க்க வேண்டும். 1957இல் உருவான நீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி பொருள்களும் சேவைகளும் இன்று 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காகிதமும் அச்சுப் பொருள்களும் 16ஆம் வகுப்பில் வருகின்றன, பிறருக்கு பைண்டிங் செய்து கொடுக்கும் சேவையோ 40ஆம் வகுப்பில் வருகிறது. நாங்கள் குறிப்பேடுகளும் செய்து விற்பதால் இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பதிவுக்கு முந்தைய நாள்களில்தான் கை துருதுருக்கும். இடம் பார்த்தாயிற்று, சரக்குக்குச் சொல்லியாயிற்று, சான்றிதழ் மட்டும்தான் பாக்கி என்று நிறுவனத்தின் பெயரிலேயே ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிடுவோம். பிறக்காத பிள்ளையின் பெயரில் கடன் வாங்க முடியாது. 1866இல் கெல்னர் என்ற மது வியாபாரி, தொடங்கப்படவிருந்த ஒரு ஓட்டல் நிறுவனத்தின் சார்பாகக் கையெழுத்திட்ட மூவருக்குச் சரக்கை அனுப்பினார். நிறுவனம் பின்னர் பதிவானது, சரக்கும் குடித்துத் தீர்ந்தது, ஆனால் பணம் வருவதற்குள் நிறுவனம் கவிழ்ந்துவிட்டது. ஒப்பந்தம் எழுதிய நாளில் அந்த நிறுவனமே இல்லாததால், கையெழுத்திட்ட மூவரும் தம் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் பிற்பாடு அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு, கையெழுத்திட்டவர்களை விடுவிக்கலாம் என்று இன்று சில நாடுகளின் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. இருந்தாலும் சான்றிதழ் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாமல் பொறுத்திருப்பதே மேல். என் இயந்திரத்தின் கதையும் இந்த அவசரத்தில் தொடங்கியதுதான்.

வங்கிக் கணக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. நிறுவனத்துக்குத் தனிக் கணக்கு, முதல் நாளிலிருந்தே. கணக்கைத் தொடங்கும்போது நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்று கேட்பார்கள். பல இடங்களில் 25 விழுக்காட்டுப் பங்கு அதற்கான அளவுகோலாக இருக்கிறது. உங்கள்மீது சந்தேகப்பட்டு அல்ல, கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி எல்லாரிடமும் கேட்பதுதான், ஆகவே அடையாளச் சான்றுகளை எடுத்துக்கொண்டே போங்கள்.

விற்பனை வரியில் புதியவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. பிரான்சில் 1954இல் மோரிஸ் லோரே என்ற வரித்துறை அதிகாரியின் திட்டத்தில் நடைமுறைக்கு வந்த மதிப்புக் கூட்டு வரி, இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. விற்பவர் தாம் வசூலித்த வரியிலிருந்து, வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்துவதே அதன் அடிப்படை. வசூலித்த தொகை நம் வங்கிக் கணக்கில் நம்முடைய பணத்தோடு கலந்து கிடப்பதால், அது அரசுக்குச் சேர வேண்டியது என்பது மறந்துபோகிறது. காலாண்டு முடிவில் தேடும்போது அது காகிதமாகவும் பசையாகவும் மாறியிருக்கும். நாங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்து வரியைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். எந்த விற்பனை அளவைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், எந்தத் தொழிலுக்கு என்ன உரிமம் என்பவையெல்லாம் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறுபவை. அவற்றை உள்ளூர் அலுவலகத்தில் நேரே விசாரிக்க வேண்டுமே தவிர, என்னைப் போல எழுதுகிறவர்களை நம்பக் கூடாது.

சம்பள விஷயம் வேறு. நம் நிறுவனத்திலிருந்து நாமே சம்பளம் வாங்கலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். நியூசிலாந்தில் லீ என்பவர் விமானத்திலிருந்து வயல்களுக்கு உரம் தூவும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். 3,000 பங்குகளில் 2,999 அவருடையவை, இயக்குநரும் அவரே, சம்பளத்துக்கு விமானம் ஓட்டியவரும் அவரே. 1956இல் வேலை செய்துகொண்டிருந்தபோது விமானம் விழுந்து இறந்துபோனார். தனக்குத் தானே எப்படி வேலைக்காரனாக இருக்க முடியும் என்று அந்நாட்டு நீதிமன்றம் அவருடைய மனைவிக்கு இழப்பீட்டை மறுத்தது. அப்போது நியூசிலாந்துக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதை மாற்றியது: வேலை கொடுத்தது நிறுவனம், வேலை செய்தது லீ, இருவரும் வெவ்வேறு ஆட்கள். லீயின் வேலை ஒப்பந்தமும் சம்பளமும் உண்மையாக நடந்துவந்தவை என்பதால்தான் அந்தப் பெண்மணிக்கு நியாயம் கிடைத்தது. தேவைப்பட்டபோதெல்லாம் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்பவருக்கு, எடுத்தது சம்பளமா, லாபமா, கடனா என்று பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம்.

பெருவின் லிமா நகரில் 1980களில் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் ஆய்வுக் குழு, ஒரு சிறிய தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்து பார்க்க முயன்றபோது 289 நாள்கள் ஆயின. இன்றைக்குப் பல நாடுகளில் இணையத்தின் வழியாக ஒரே நாளில் நிறுவனம் தொடங்கிவிடலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடுவதால், இருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டியவற்றை யோசிக்காமலேயே பிறந்துவிடும் நிறுவனங்களும் பெருகியிருக்கின்றன. எங்களுடையதும் அப்படிப் பிறந்ததுதான்.

கணக்காளர் அம்மையார் அன்றைக்கே ஒரு தாளைத் தயாரித்தார். இன்ன வரிசை எண் கொண்ட காகிதம் வெட்டும் இயந்திரத்தை இன்னார் நிறுவனத்துக்கு ஒப்படைத்தார், நிறுவனம் பெற்றுக்கொண்டது, ஈடு ஏற்கெனவே பங்குகளாகக் கொடுக்கப்பட்டுள்ளது என்று மூன்று வாக்கியங்கள். பதிவான நாளின் தேதியையே போட்டுவிடலாமே என்று கேட்டேன். "பொய்த் தேதி போட்ட தாளுக்கு நான் பொறுப்பில்லை, தம்பி. இன்றைய தேதியைப் போடுங்கள், ஏன் தாமதமானது என்று ஒரு வரி எழுதுங்கள்" என்றார். கொடுப்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். பெறுபவர் என்ற இடத்தில் நிறுவனத்துக்காக என்று எழுதி, நண்பர் ஊரில் இல்லாததால் இயக்குநராகவும் நானே கையெழுத்திட வேண்டியிருந்தது. அவர் திரும்பியதும் இயக்குநர் கூட்டக் குறிப்பில் அதை ஏற்று ஒப்பமிட்டார். ஒரே தாளில், ஒரே பேனாவில், நாலு விரல் இடைவெளியில் என் கையெழுத்து இரண்டு முறை இருக்கிறது. இரண்டாவதன்மேல் மட்டும் நிறுவனத்தின் முத்திரை. மறுநாள் அந்தத் தாளின் நகலோடு போய்க் காப்பீட்டைப் பெயர் மாற்றி வாங்கிவந்தோம்.